ஒன்பது மணிப் பச்சை வட்டம்

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். வேலையில் சேர்ந்த முதல் நாள், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வாசலில் நின்றவளைப் பார்த்து, உள்ளேயிருந்து அவளுடைய நாத்தனார், "அண்ணி, இந்தப் பக்கம்!" என்று ஒரு குரல் கொடுத்தாள். அவ்வளவுதான். பத்து மணிக்குள் வரவேற்பறைப் பெண்ணுக்கு அவள் அண்ணி ஆனாள், பதினொரு மணிக்குள் டீ கொண்டுவருபவருக்கும் அண்ணி ஆனாள். மதியம், அவளைவிட இருபது வயது மூத்த மேலாளரே, "அண்ணியைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, சொன்னது என்ன என்று புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் திருத்திக்கொள்ளவில்லை.

லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது அந்த நிறுவனத்தின் வேலை. சோதனையாளர்கள் கட்டிடம் கட்டிடமாகப் போய், இரும்புக் கயிறு, கதவு, மோட்டார், அவசர மணி என்று ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்து, அங்கிருந்தபடியே அந்தந்த லிஃப்டுக்கென்று இருக்கும் இணையப் பக்கத்தில் ஏற்றுவார்கள். அந்தப் பக்கங்களெல்லாம் ஒரு கிளவுட் தளத்தில் இருந்தன. அதில் நிறுவனத்துக்கென்று ஒதுக்கிய இடம் நூறு ஜி.பி. நிரம்பிவிட்டால் தளம் சத்தம் போடாது, சண்டைக்கும் வராது. அடுத்த படத்தை வாங்கிக்கொள்ளாது, அவ்வளவுதான். படம் ஏறாவிட்டால் அறிக்கை முடியாது. அறிக்கை முடியாத லிஃப்டைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது விதி. போன வருடம் ஒருமுறை அப்படி நிரம்பி, ஒன்பது மாடிக் கட்டிடம் ஒன்றில் ஆட்கள் மூன்று நாள் படியேறினார்கள். ஏறிய களைப்பு தீர ஒவ்வொருவரும் மேலாளருக்குப் போன் போட்டார்கள்.

நாத்தனார் அங்கே சோதனையாளர். அண்ணியின் கணவருக்குத் தங்கை. அதே வீட்டில் மாடியறையில் இருப்பவள். டார்ச் வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்தே கயிற்றில் எத்தனை இழை விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். வீட்டிலும் அந்தக் கண்ணுக்கு ஓய்வு கிடையாது. குழந்தையின் ஷூ சின்னதாகிவிட்டதா, அண்ணி ஆசையாக வாங்கிய திரைச்சீலை ஒரு பக்கம் நீளமா, எல்லாம் அவள் கண்ணில்தான் முதலில் படும். பட்டதும், "அண்ணி, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று ஆரம்பிப்பாள். தப்பாக எடுத்துக்கொள்ளும்படி ஏதோ வரப்போகிறது என்பதற்கு அதுதான் முன்னறிவிப்பு. அண்ணியும் ஒருமுறைகூடத் தவறாமல் தப்பாக எடுத்துக்கொள்வாள். ஆனால் வாய் திறந்து சொல்ல மாட்டாள். பாத்திரங்கள் சொல்லும்.

அண்ணிக்கு அந்த வேலை சும்மா கிடைக்கவில்லை. படிப்பு கணினிப் படிப்புதான். பார்த்த வேலையைக் குழந்தைக்காக விட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது. எந்த நேர்காணலுக்குப் போனாலும், "இந்த ஏழு வருஷம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்கள். "சரியாத் தூங்கல" என்ற உண்மையான பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் நாத்தனார்தான் தன் அலுவலகத்தில் பேசினாள். சொந்தக்காரரைச் சேர்த்துவிடுகிறவர் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். எழுதித் தந்தாள். என்ன எழுதினாள் என்று அண்ணி கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆறு மாதம் தற்காலிகம், பிறகு மேலாளர் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம் என்று அண்ணியைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கடிதம் தொண்டையில் மாட்டிய மீன்முள் மாதிரி அண்ணியை உறுத்திக்கொண்டே இருந்தது. என்றைக்காவது ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "நான் சேர்த்துவிட்ட வேலைதானே" என்று ஒரு வார்த்தை வந்துவிடுமோ என்று பயந்தாள். நாத்தனார் அப்படி ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்ததும் அண்ணிக்குப் பொறுக்கவில்லை. இந்த வேலையில் பேர் வாங்கி நிரந்தரமாகி, அந்தக் கடிதத்துக்கு அவசியமே இல்லாமல் பண்ணிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் ஆறு மாதமாக அவள் மனதில் ஓடிய ஆசை.

மேலாளருக்கு மூணு சரி என்று பட்டப்பெயர். ஒரு சரி சொன்னால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இரண்டு சொன்னால் புரிந்துவிட்டது, போகலாம். மூன்று சொன்னால் புரியவில்லை, இருந்தாலும் போகலாம். அவர்தான் அண்ணியிடம் ஒரு பெரிய பொறுப்பை ஒப்படைத்தார்.

"இடம் எவ்வளவு நிரம்பியிருக்குன்னு தினமும் யாராவது உள்ள போய்த் தேடிப் பார்க்கணும்னா நடக்காது. பார்க்க மாட்டாங்க, பார்த்தேன்னு சொல்லிடுவாங்க. நீங்க ஒரு புரோகிராம் எழுதுங்க. அதுவே பார்க்கணும், அதுவே வந்து சொல்லணும்."

அண்ணி எழுதினாள். தினமும் காலை ஒன்பது மணிக்கு அவளுடைய நிரல் தளத்திடம் கணக்குக் கேட்டு, எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று எல்லோருடைய போனுக்கும் செய்தி அனுப்பும். எண்பது வரை பக்கத்தில் ஒரு பச்சை வட்டம். எண்பதைத் தாண்டினால் சிவப்பு வட்டம், கூடவே செவிடனும் எழுந்து உட்காரும்படி ஒரு மணி. மணியின் சத்தத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும் அரைநாள் செலவழித்தாள்.

அந்த அரைநாளை வேறு இடத்தில் செலவழித்திருக்கலாம். தளத்திடம் இடத்தைப் பற்றிக் கேட்டால் அது இரண்டு எண்களைத் தரும். முதலாவது மொத்தம் எவ்வளவு, இரண்டாவது மீதி எவ்வளவு. நிரம்பியது எவ்வளவு என்று அது சொல்லாது. மொத்தத்தில் மீதியைக் கழித்து நாமே தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணி அந்த இரண்டாவது எண்ணையே நிரம்பியது என்று எடுத்துக்கொண்டாள். சோதித்துப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தாள். அதுதான் கொடுமை. யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று சோதனைத் தளத்தில் மிகச் சரியாகப் பாதி இடத்தை நிரப்பிவிட்டு நிரலை ஓட்டினாள். பாதி நிரம்பினால் மீதியும் பாதிதானே. ஐம்பது என்று வந்தது. பூரித்துப்போய், அன்று வீட்டுக்குப் போகும் வழியில் குழந்தைக்குப் பலூன் வாங்கினாள். நாற்பது நிரப்பிப் பார்த்திருந்தால் குட்டு அன்றைக்கே வெளிப்பட்டிருக்கும்.

முதல் நாள் செய்தி வந்தது. நிரம்பியது 38, பச்சை வட்டம். உண்மையில் மீதிதான் 38, அறுபத்திரண்டு நிரம்பியிருந்தது. அது யாருக்கும் தெரியாது.

"முப்பத்தெட்டா? நல்லதுதான், இருந்தாலும் அலட்சியம் கூடாது," என்று மேலாளர் அன்றே ஓர் உத்தரவு போட்டார். பழைய படங்கள், ஒரே மாதிரி இரண்டு மூன்று எடுத்த படங்கள், காலும் விரலும் விழுந்த படங்கள் எல்லாவற்றையும் அவரவர் அழிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து எண் 36 ஆனது. அடுத்த வாரம் 35. கூட்டத்தில் மேலாளர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"யார் யார் அழிச்சீங்க?"

சோதனையாளர்களில் உயரமான ஒருவரை எல்லோரும் நெட்டை என்பார்கள். அவர் முதலில் கை தூக்கினார். "நானூறு போட்டோ சார். ஒரே மூச்சுல."

கூரைக்குக் கீழே இருந்தாலும் தொப்பியைக் கழற்றாத இன்னொருவர் விட்டுக்கொடுப்பாரா? "நான் அறுநூறு சார். கட்டை விரல் வீங்கிப்போச்சு."

வரவேற்பறைப் பெண்கூட நாற்பது என்றாள். அவளுக்கு அந்தத் தளத்தில் நுழையவே வழி கிடையாது. நாத்தனார் மட்டும் மேசையைப் பார்த்தபடி, "நான் ஒண்ணும் அழிக்கல சார்" என்றாள். மேலாளர், "மத்தவங்களைப் பார்த்துக் கத்துக்கணும்மா" என்றார். அண்ணிக்கு அன்று கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், மனம் குளிர்ந்தது. எத்தனை திரைச்சீலைகளுக்கான வட்டி அது.

எண் குறையக் குறைய மேலாளருக்கு உற்சாகம் ஏறியது. ஐந்தாவது வாரம், டை எல்லாம் கட்டிக்கொண்டு, கூட்ட அறையில் கேமரா முன்னால் நின்று, முக்கால் மணி நேரம் ஓர் உரை நிகழ்த்தினார். தலைப்பு: இடத்தை மிச்சப்படுத்துவது எப்படி. பார்க்கவில்லை என்று யாரும் சாக்குச் சொல்லக் கூடாது, ஆகவே நம் பொறுப்பிலிருக்கும் இருநூறு லிஃப்டுகளின் பக்கத்திலும் இந்த உரையைப் போட்டுவிடுங்கள் என்று அண்ணியிடம் சொன்னார். கையால் போட்டால் இரண்டு நாள் வேலை. அண்ணி ஆறு வரி எழுதி ஓட்டினாள். டீ ஆறுவதற்குள் இருநூறு பக்கத்திலும் உரை ஏறிவிட்டது. ஒரு பிரதி தொண்ணூறு எம்.பி. அதை இருநூறால் பெருக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. முந்தின நாள் 34 ஆக இருந்தது 16 ஆகிவிட்டிருந்தது.

அலுவலகமே அதிர்ந்தது. உரை போட்ட மறுநாளே பாதிக்குப் பாதி! மேலாளர் இருக்கையில் உட்காரவில்லை, நடந்துகொண்டே இருந்தார். உரிமையாளருக்குப் போன் போட்டார். பேச்சு வேகத்தில், "நானே ஐந்நூறு ஃபைல் அழிச்சேன் சார்" என்றும் சொல்லிவிட்டார். கேக் வந்தது. பச்சை வட்டம் போட்ட கேக். அதை வெட்டும் கத்தியை அண்ணி கையில் கொடுத்தார்கள். ஏழு வருடத்தில் அவள் வெட்டிய கேக் எல்லாம் குழந்தையின் பிறந்தநாள் கேக்தான்; இது அவளுக்கென்று வந்த கேக். முதல் துண்டை வாயில் வைத்தபோது அவள் கண் நாத்தனாரைத் தேடியது. நாத்தனார் கேக்கைச் சாப்பிடாமல், போனில் எதையோ தேய்த்துத் தேய்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். பொறாமை என்று அண்ணி முடிவு கட்டினாள்.

இடம்தான் இவ்வளவு இருக்கிறதே, இனி கயிற்றுக்கும் மோட்டாருக்கும் படம் வேண்டாம், வீடியோவாகவே எடுங்கள் என்று மேலாளர் தாராளமாகச் சொன்னார். எடுத்தார்கள். எண் 13 ஆனது, 9 ஆனது, 6 ஆனது. அந்த வியாழக்கிழமை 4. "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பூஜ்யம் ஆயிடும் பாருங்க!" என்றார் மேலாளர். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரிதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அண்ணியின் ஆறு மாதம் முடிகிறது. காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

அந்த வியாழக்கிழமை மாலை, கொடியிலிருந்து எடுத்த துணிகள் கட்டிலில் குவிந்துகிடந்தன. குழந்தை தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்து போர்வையின் ஒரு முனையைப் பிடித்தாள். அண்ணி மறுமுனையைப் பிடித்தாள்.

"அண்ணி, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

அண்ணி போர்வையை ஓர் உதறு உதறினாள். "சொல்லு."

"எங்க போன்ல இந்த அழிக்கிற பட்டன் எங்க இருக்கு?"

"எது?"

"போட்டோவை அழிக்கிறதுக்கு. ரெண்டு மாசமாத் தேடறேன். நெட்டை நானூறு அழிச்சாரு, தொப்பி அறுநூறு அழிச்சாரு. எனக்கு மட்டும் பட்டனே கண்ணுல படல. கேட்டா சிரிப்பாங்கன்னு இத்தனை நாள் கேக்கல."

"மேல மூணு புள்ளி இருக்கும்ல, அதை அமுக்கினா..."

"அமுக்கினேன். பார்க்கலாம், அனுப்பலாம், பேர் மாத்தலாம். அழிக்க ஒண்ணும் இல்ல."

அண்ணி போர்வையை விட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். யாருக்கு எந்த உரிமை என்று இருக்கும் பட்டியலைப் பார்த்தாள். போன வருடம் இடம் நிரம்பிய பதற்றத்தில் யாரோ வேண்டிய படங்களையும் சேர்த்து அழித்திருந்தார்கள். அதன் பிறகு அழிக்கும் உரிமையை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிட்டிருந்தார்கள். இப்போது அந்த உரிமை ஒரே ஒருவருக்குத்தான். மேலாளருக்கு. அவர் மூன்று சரி சொல்லி ஒப்புக்கொண்ட விஷயமாக இருக்க வேண்டும்.

"அப்ப யாருமே அழிக்கலையா?" என்றாள் அண்ணி.

"அதைத்தான் நானும் கேக்கறேன். யாரும் அழிக்கல. நான் மட்டுமே இந்த வாரம் இருபது வீடியோ ஏத்தியிருக்கேன். ஆனா குறைஞ்சுக்கிட்டே வருது. நம்ம வீட்டுச் சர்க்கரை டப்பால போடப் போடக் குறைஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்க? சந்தோஷப்படுவீங்களா, டப்பாவைத் தூக்கி அடியில பார்ப்பீங்களா?"

அண்ணி டப்பாவைத் தூக்கி அடியில் பார்த்தாள். நிரலின் பதினேழாவது வரியில் இருந்தது. மீதி என்று வந்த எண்ணுக்கு நிரம்பியது என்று அவள் கையாலேயே பெயர் வைத்திருந்தாள். தொண்ணூற்றாறு நிரம்பியிருக்கிறது. வெறும் நாலு மீதி. நாளைக்கு எல்லோரும் ஒரு பெரிய கட்டிடத்தின் பன்னிரண்டு லிஃப்டுகளைச் சோதிக்கப் போகிறார்கள். வீடியோவாக எடுத்து ஏற்றினால் மதியத்துக்குள் நிரம்பிவிடும். பிறகு பன்னிரண்டு லிஃப்டும் பூட்டு.

எது இப்படி நிரப்பியது என்று, பெரிய கோப்பு முதலில் வரும்படி ஒரு பட்டியல் எடுத்தாள். முதல் வரி: இடத்தை மிச்சப்படுத்துவது எப்படி. இரண்டாவது வரியும் அதுதான். பத்தாவதும் அதுதான், நூறாவதும் அதுதான். இருநூறாவது வரி வரை மேலாளர்தான் நின்றார். நாத்தனார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. இரண்டு பேரும் துணிக்குவியலில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். குழந்தை வீட்டுப்பாடத்தை நிறுத்திவிட்டு வந்து, என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்து உட்கார்ந்தது.

"நீயே குரூப்ல கேட்டிருக்கலாமே?" என்றாள் அண்ணி.

"கேட்டிருக்கலாம்." நாத்தனார் ஒரு தலையணை உறையை நாலாக மடித்தாள். "ஆனா நீங்க சொல்றதுதானே முறை."

வேலையிலிருந்து திரும்பிய கணவரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் எந்தப் பக்கமும் சாயாமல் பல வருடம் நின்று பழகியவர் அவர். "நாளைக்குக் கையெழுத்து வாங்கிடு. திங்கட்கிழமை சொல்லிக்கலாம். நாலு ஜி.பி. இருக்கே, தாங்காதா?" என்றார். அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. தன் துணிகளை மட்டும் அடுக்கி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். வழக்கமாக எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருப்பவள் இன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டாளே என்று அண்ணிக்குக் கோபம் கோபமாக வந்தது.

தாங்காது என்று அவளுக்குத் தெரியும். அழித்துச் சரிசெய்யவும் அவளுக்கு உரிமை இல்லை. கணினியை மூடுவதற்கு முன் பதினேழாவது வரியைத் திருத்தினாள். இந்த முறை நாற்பது நிரப்பிச் சோதித்தாள்; எழுபது நிரப்பிச் சோதித்தாள்; தொண்ணூறு நிரப்பியும் சோதித்தாள்.

வெள்ளிக்கிழமை எட்டே முக்காலுக்கே கூட்ட அறை நிறைந்துவிட்டது. மேலாளர் முன்னால் அண்ணியின் கோப்பும், மூடி திறந்த பேனாவும் இருந்தன. அவர் நல்ல வார்த்தைகளாக ஒரு பத்து சொல்லி முடித்து, "இப்ப மணி ஒன்பது. இன்னைக்கு நம்ம நம்பர் என்னன்னு பார்த்துட்டே கையெழுத்துப் போடுவோம்" என்றார்.

அறையிலிருந்த பதினோரு போன்களும் ஒரே நேரத்தில் அலறின. அரைநாள் செலவழித்துத் தேர்ந்தெடுத்த மணி வீண்போகவில்லை. டீக் கோப்பை ஒன்று கவிழ்ந்தது. எல்லாத் திரையிலும் சிவப்பு வட்டம், நிரம்பியது 96.

"என்ன அண்ணி இது?" என்றார் மேலாளர். "நேத்து நாலுதானே?"

அண்ணி எழுந்தாள். "நேத்தும் தொண்ணூத்தாறுதான் சார். இதுதான் சரியான நம்பர். இத்தனை நாள் வந்ததெல்லாம் தப்பு. மீதி எவ்வளவுன்னு வந்த நம்பரை நான் நிரம்பினதுன்னு போட்டுட்டேன். அதனாலதான் ஏத்த ஏத்தக் குறைஞ்சுது. தப்பு என்னோடது. இன்னைக்கு யாரும் வீடியோ எடுக்க வேண்டாம். எடுத்தா மதியத்துக்குள்ள நிரம்பிடும்."

"சரி," என்றார் மேலாளர். கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கினார். "அப்ப, அழிச்சதெல்லாம்?"

நெட்டை மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை, இருந்தும் விடாமல் பார்த்தார். தொப்பி, அலுவலக வரலாற்றில் முதல்முறையாகத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே முடி அடர்த்தியாகவே இருந்தது.

"அவங்களைத் திட்டாதீங்க சார்," என்றாள் அண்ணி. "அவங்க அழிக்கவே முடியாது. அழிக்கிற உரிமை ஒருத்தருக்குத்தான் இருக்கு. உங்களுக்கு."

"எனக்கா?" என்றார் மேலாளர். உரிமையாளரிடம் சொன்ன ஐந்நூறு ஃபைல் அவர் முகத்தில் தெரிந்தது. "சரி, எதுதான் இப்படி நிரப்புச்சு? அதையாவது பார்த்தீங்களா?"

அண்ணி தயங்கினாள். பிறகு பட்டியலைச் சுவர்த் திரையில் போட்டாள். மேலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் வரியை உரக்கப் படித்தார். இரண்டாவது வரியைக் கொஞ்சம் மெதுவாகப் படித்தார். மூன்றாவதை மனதுக்குள் படித்தார். அண்ணி உருட்டிக்கொண்டே போனாள். இருநூறு வரியும் ஓடி முடிந்தன.

"சரி, சரி, சரி," என்றார் மேலாளர்.

"நீங்க போடச் சொன்னீங்க, நான் யோசிக்காமப் போட்டேன்," என்றாள் அண்ணி. "எவ்வளவு இடம் பிடிக்கும்னு கணக்குப் பண்ணிட்டு உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும். அதுவும் என் தப்புதான் சார்."

மேலாளர் அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் நின்று, எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினாள். தன் உரையைத் தானே இருநூறு முறை அழிப்பது எந்தப் பேச்சாளருக்கும் லேசான காரியம் இல்லை. நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் விரலை நிறுத்தி, சின்னக் குரலில் கேட்டார்: "ஒண்ணு இருக்கட்டுமா?"

"இருக்கட்டும் சார். ஒண்ணுக்கு இடம் இருக்கு."

அண்ணி நிரலை மறுபடி ஓட்டினாள். நிரம்பியது 78. பச்சை வட்டம், மயிரிழையில். வீடியோ வேண்டாம், வழக்கம்போல் படம் போதும் என்று முடிவானது. சோதனையாளர்கள் எழுந்து நழுவப் பார்த்தார்கள்.

"இருங்க," என்றார் மேலாளர். "இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு."

அவர் அண்ணியின் கோப்பைப் பிரித்தார். அண்ணி உட்காரவில்லை. ஆறு மாதமும் பதினேழாவது வரியில் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாலை வீட்டில் நாத்தனார் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் அப்போது அவளுடைய ஒரே கவலை. மேலாளர் கோப்பின் அடியிலிருந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். கைப்பட எழுதிய கடிதம்.

"இவங்களைச் சேர்க்கும்போது இதைப் படிச்சேன். ஒருத்தரைச் சிபாரிசு பண்ற லெட்டர்ல யாராவது இப்படி எழுதுவாங்களான்னு அன்னைக்கு எனக்குப் புரியல." தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "'இவர் என் அண்ணனின் மனைவி. வேலை தெரிந்தவர். ஏழு வருடம் விட்டுப்போனதால் தப்பு செய்வார்.'"

அண்ணிக்குக் காது சிவந்தது. தப்பு செய்வாராம். எல்லோர் முன்னாலும்.

"'செய்தால் மறைக்க மாட்டார். அவரே வந்து சொல்வார். அதற்கு நான் பொறுப்பு.'"

நாத்தனார் இப்போது நெட்டையோடு சேர்ந்து அந்த ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மாலை அவள் ஏன் வாயைத் திறக்காமல் மாடிக்குப் போனாள் என்று அண்ணிக்கு அப்போது புரிந்தது. தன் பொறுப்பில் எழுதிய அந்த மூன்று வரியை, தான் ஒரு வார்த்தை சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது என்று போயிருக்கிறாள். அண்ணிக்கு அழுகை வந்தது. கண்ணில் தூசி என்று சொல்லலாம், ஆனால் யாரும் கேட்கவில்லை.

மேலாளர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, அதன் கீழே வேறு ஏதோ எழுதினார். எழுதியதையும் வாசித்தார்: "'இவர் எழுதும் எந்தப் புரோகிராமும், இவருடைய நாத்தனார் பார்த்துச் சரி சொன்ன பிறகே ஓட்டப்பட வேண்டும்.'"

"சார், அவளுக்குப் புரோகிராம் தெரியாதே!"

"அதனாலதான்," என்றார் மேலாளர். "தெரிஞ்ச நம்ம எல்லாரும் கேக் வெட்டினோம்."

"வீட்டுலயும் அவ, இங்கயும் அவளா சார்?"

அறை வெடித்துச் சிரித்தது. நெட்டைதான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தார். பேச்சு நானூறு போட்டோவிலிருந்து விலகிப்போன நிம்மதி அவருக்கு.

திங்கட்கிழமை அண்ணி ஒரு புது நிரலை முடித்தாள். இனி யார் எந்தக் கோப்பை ஏற்றினாலும், ஏறுவதற்கு முன்பே அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்று சொல்லும் நிரல். மூன்று நாள் யோசித்து எழுதியது, குறை என்று அவள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாத்தனார் பழைய கட்டிடத் தூசியோடு நேராக வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கயிற்றைப் பார்க்கும் அதே பார்வை.

"அண்ணி, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

அண்ணி தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டு, அவளுக்குத் திரை நன்றாகத் தெரியும்படி இடம் விட்டாள்.

"தப்பாத்தான் எடுத்துக்குவேன்," என்றாள். "நீ சொல்லு."